ஒரு நாள் யாருடையது?

வகுப்பறையின் வருகைப் பதிவேட்டுக்கு இரக்கமும் இல்லை, சினமும் இல்லை. வந்த பிள்ளைக்கு ஒரு குறி. வராத பிள்ளைக்கு ஒரு சுழி. கைக்குழந்தையான தம்பியைப் பார்த்துக்கொள்வதற்காக வீட்டில் நிறுத்தப்பட்ட சிறுமிக்கும், உறவினர் திருமணத்திற்காக இரண்டு நாள் முன்னதாகவே வெளியூர் அழைத்துச் செல்லப்பட்ட சிறுமிக்கும் அங்கே விழுவது அதே சுழிதான். ஏட்டின் கடமை அவ்வளவில் முடிந்துவிடுகிறது. அறத்தின் கடமையோ அங்கேதான் தொடங்குகிறது. அந்த நாள் யாருடையது? அதைப் பிள்ளையிடமிருந்து எடுத்துக்கொள்ளும் உரிமையைப் பெற்றோர்க்குத் தந்தவர் யார்?

பெற்றவர் என்பதாலேயே பிள்ளையின் நாள்கள் அனைத்தும் தமக்கு உரியன என்று எண்ணும் வழக்கம் மிகப் பழையது. அவ்வெண்ணத்தைக் கொடுமை என்று எடுத்த எடுப்பிலேயே ஒதுக்குதல் நேர்மையாகாது. அதற்கு ஒரு வரலாறு உண்டு. மலாயாவின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஒரே இனத்தைச் சேர்ந்த 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் 10 பேர் இருக்கும் தோட்டங்களில் பள்ளி வைக்கவேண்டும் என்று விதித்தது. பள்ளி வந்தது. ஆனால், விடியுமுன் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு நிரைக்குச் செல்லும் தாய், கைக்குழந்தையை எங்கே விடுவாள்? பல வீடுகளில் மூத்த மகளே அக்குழந்தைக்குத் தாயானாள். பையன் சற்றே உயரம் வளர்ந்துவிட்டால், மங்கு துடைக்கவும் ஒட்டுப்பால் பொறுக்கவும் அவன் தேவைப்பட்டான். பள்ளி லயத்திலிருந்து கூப்பிடு தொலைவில் இருந்தது. பிள்ளையோ பால்மரக் காட்டில் இருந்தது.

அப்பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுதல் எளிது. குடும்பம் முழுவதும் உழைத்தால்தான் வயிறு நிறையும் என்ற கணக்கில் கூலி அமைந்திருந்தபோது, பதிவேட்டில் விழுந்த சுழிகளில் தோட்ட முதலாளிக்குப் பங்கில்லை என்று எவ்வாறு கூறமுடியும்? ஆயினும் அதே லயத்தில், அதே கூலியில், மகன் துடைக்கவேண்டிய மங்கையும் தாமே துடைத்துக்கொண்டு அவனைப் பள்ளிக்கு அனுப்பிய தாய்மாரும் இருந்தனர். அவர்கள் கல்வியின் பயனை ஆராய்ந்து அறிந்தவர்கள் அல்லர்; பலர்க்குக் கையெழுத்திடவும் தெரியாது. பிள்ளையின் காலைப்பொழுது தம்முடையது அன்று என்பதை மட்டும் எவ்வாறோ உணர்ந்திருந்தனர். கற்றோர் நடுவே பிள்ளை முன்னிற்க வழிசெய்வதைத் தந்தையின் கடனாக வள்ளுவர் வைத்தார். அதைப் படியாமலே செய்தவர்கள் அவர்கள்.

காலம் மாறிற்று. தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாயின. 2003ஆம் ஆண்டு முதல் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தொடக்கக் கல்வி கட்டாயமாயிற்று. மலேசியச் சட்டப்படி, பிள்ளையை உரிய வயதில் பள்ளியில் சேர்த்துத் தொடக்கக் கல்வி முடியும்வரை அங்கே இருக்கச் செய்யாத பெற்றோர்க்கு 5,000 ரிங்கிட் வரை தண்டமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சட்டம் வேண்டியதே. ஆனால், பிள்ளை பள்ளியை விட்டு அடியோடு நீங்கும்போதுதான் அதன் கண் நன்றாக விழிக்கிறது. மாதத்திற்கு இரண்டு நாள், மூன்று நாள் என்று கசிந்துபோகும் காலத்தை அது எளிதில் காண்பதில்லை. அக்கசிவுக்குக் காரணம் இன்று வறுமை மட்டும் அன்று. பல வீடுகளில் அது வசதி. (வறுமை போய்விட்டது என்பதும் பொய். இரவு வேலை முடிந்து திரும்பிய தாய் கண்ணயர்ந்திருக்க, தானே எழுந்து, தானே உடுத்தி, பள்ளி வேனைப் பிடிக்கவேண்டிய பிள்ளைகள் இன்றும் உளர். அந்த வீட்டுக்கு வேண்டுவது அறிவுரை அன்று. கதவைத் தட்டி எழுப்பும் ஓர் அண்டை வீட்டார்.)

திருமணம், புதுமனை புகுவிழா, பத்துமலைக்குப் போய்வந்த களைப்பு, மலிவாகக் கிடைத்த பயணச்சீட்டு ஆகியவற்றுக்காகப் பிள்ளை நிறுத்தப்படுகிறது. பின்னர் வகுப்பாசிரியருக்குத் தந்தை ஒரு கடிதம் எழுதுகிறார். காய்ச்சல் என்கிறது கடிதம். அதைச் சுமந்து செல்வது யார்? பிள்ளைதான். கடிதத்தை நீட்டும் விரல்களில் திருமண வீட்டு மருதாணி இன்னும் சிவந்திருக்கிறது. ஆசிரியர் விரல்களையும் பார்க்கிறார், கடிதத்தையும் பார்க்கிறார். பிறகு அதைக் கோப்பில் வைத்துவிட்டுப் பாடத்தைத் தொடங்குகிறார். பெற்றோர், ஆசிரியர், பிள்ளை ஆகிய மூவரும் ஒரு பொய்க்கு உடன்பட்டுவிட்டனர். ஒருநாள் பாடத்தை இழந்தது ஈடுசெய்யக்கூடிய இழப்பு; தோழியின் ஏட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். ஆனால், கடமை தவறினால் தாளில் ஒரு சொல் எழுதித் தப்பலாம் என்று தந்தையின் கையெழுத்திலேயே கற்றுக்கொண்ட பாடத்தை எதைக் கொண்டு அழிப்பது? சில ஆண்டுகள் கழித்து, படிவம் மூன்றில் படிக்கும் அதே பிள்ளை, பள்ளிக்குச் செல்வதாகக் கூறிவிட்டுப் பேரங்காடியில் பொழுதைக் கழிக்கும்போது தந்தை சினந்து பிரம்பைத் தேடுகிறார். அதற்கு முன் அவர் தேடிப் பார்க்கவேண்டியவை, தாம் எழுதிய பழைய கடிதங்கள்.

பிள்ளையின் வாழ்வு பள்ளிச் சுவர்களுக்குள் மட்டுமா இருக்கிறது என்று சிலர் மறுத்துரைப்பர். பாட்டியின் இறுதிச் சடங்கில் நிற்பதும், உறவினர் கூடிய இடத்தில் முறைசொல்லிப் பழகுவதும் கல்வியல்லவா என்பர். அம்மறுப்பில் நியாயம் உண்டு. மாமன் யார், பெரியப்பா யார் என்று அறியாமலே வளரும் நகரத்துப் பிள்ளைகளைக் காண்போர் அதைத் தள்ளமாட்டார். ஆனால், பாட்டியின் இறுதிச் சடங்கு பிள்ளைக்குத் தரப்பட்ட நாள். திருமணத்திற்கு இரண்டு நாள் முன்னதாகப் புறப்பட்டதோ, பெரியவர்களின் வசதிக்காகப் பிள்ளையிடமிருந்து எடுக்கப்பட்ட நாள். வேறுபாடு எடுப்பவருக்கு நன்றாகவே தெரியும். எதுவாயினும், உள்ள காரணத்தை உள்ளவாறு எழுதுவதற்குத் தடை என்ன? ஆசிரியர் கடிந்துகொள்வார் என்ற அச்சமாயின், அக்கடிந்துரை பெற்றோர்க்கு உரியது. அதை அவர்களே ஏற்கட்டும். பள்ளிக்கும் இங்கே ஒரு பொறுப்பு உண்டு. உண்மையை எழுதிய வீட்டாரைப் பலர்முன் நாணச் செய்தால், அடுத்தமுறை அவ்வீட்டில் காய்ச்சல்தான் வரும்.

திங்கட்கிழமைதோறும் வயிற்றுவலி என்று சுருண்டு படுக்கும் பிள்ளையின் நிலை வேறு. அங்கே வலி பெரும்பாலும் வயிற்றில் இருப்பதில்லை. புரியாத கணக்கிலோ, இடைவேளையில் மிரட்டும் மூத்த மாணவனிடமோ இருக்கக்கூடும். அப்பிள்ளையைப் பள்ளி வாயிலில் தள்ளிவிட்டுத் திரும்பும் தந்தை, பதிவேட்டில் ஒரு குறியைப் பெற்றுத் தருகிறார், அவ்வளவே. ஆசிரியரை ஒருமுறை நேரில் கண்டு பேச அவருக்கு அரைமணி நேரம் போதும்.

இவ்வாறு பேசவும் எழுதவும் செய்கிற வீடுகள் இல்லாமற் போகவில்லை. அங்கே திருமணம் சனிக்கிழமை என்றால், வெள்ளியன்று பள்ளி முடிந்த பின்னரே பேருந்து ஏறுகின்றனர். மணப்பெண்ணின் நலங்கைக் காணவில்லையே என்று தாய்க்கு மனக்குறை. சுற்றத்தாரும் ஒருவாறு முணுமுணுக்கின்றனர். ஞாயிறு நள்ளிரவில் வீடு திரும்பி, தூங்கிவிட்ட மகளைத் தந்தை தோளில் சுமந்துவர, தாய் சீருடையைத் தேய்த்து மாட்டுகிறாள். மறுநாள் இரண்டாம் வரிசையில், தூக்கம் கலையாத கண்களோடு அமர்ந்திருக்கிறாள் அச்சிறுமி. பெயர் அழைக்கப்பட்டதும் மருதாணி சிவந்த கை உயர்கிறது: “உள்ளேன் ஐயா.”