மூளையும் நிய்யத்தும்

இளங்கலை வகுப்பில் உளவியல் பயிலும் நம் பிள்ளைகள், நடத்தைசார் நரம்பியல் என்னும் பாடத்தில் ஒரு கேள்வியை எதிர்கொள்கின்றனர். செயல்கள் யாவும் மூளையின் நரம்பணுக்களிலேயே பிறக்கின்றன எனின், நன்மை தீமைகளுக்கு மனிதன் எங்ஙனம் பொறுப்பாவான்? மறுமையில் கேள்வி கணக்கு எதன்பேரில்? ஈமானுள்ள இல்லத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இது தேர்வுத்தாளோடு முடிந்துவிடும் கேள்வி அன்று.

அப்பாடத்தில் இரு செய்திகள் தவறாமல் இடம்பெறும். 1848-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், இருப்புப்பாதைப் பணியின்போது வெடிமருந்து வெடித்து, ஃபினியஸ் கேஜ் என்பவரின் கன்னத்தில் பாய்ந்த இரும்புக்கோல் தலையின் உச்சி வழியே வெளியேறிற்று. அவர் உயிர் பிழைத்தார். எனினும், நிதானம் மிக்கவராய் இருந்தவர் நிலையற்றவராகவும் தகாத சொல் பேசுபவராகவும் மாறிவிட்டார் என மருத்துவர் ஹார்லோ எழுதிவைத்தார்.

மற்றொன்று, 1983-இல் பெஞ்சமின் லிபெட் வெளியிட்ட ஆய்வு. விரும்பியபோது கையை அசைக்குமாறு அவர் சிலரைப் பணித்தார். அசைவுக்கு ஏறத்தாழ அரை நொடி முன்னரே மூளையில் ஆயத்த மின்னலை எழுந்தது. அசைக்கும் எண்ணத்தை அவர்கள் உணர்ந்ததோ அதற்குப் பின்னர்தான்.

"தீர்மானிப்பது நாமல்லேம், மூளையே" என முடிவுகட்ட அவசரம் வேண்டா. அவ்வலையின் பொருள் குறித்து அறிஞரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. எழுந்த உந்துதலைச் செயலாகாது தடுக்கும் ஆற்றல் மனிதனுக்கு உண்டென்றே லிபெட்டும் கருதினார். தீமையை நாடிப் பின் அதனைச் செய்யாது விட்டவனுக்கு ஒரு நன்மை எழுதப்படும் என்பது பெருமானார் (ஸல்) அவர்களின் போதனை. உள்ளத்தில் தானே தோன்றும் எண்ணம் வேறு, உறுதிகொண்ட நாட்டம் வேறு என இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் பிரித்துக் காட்டினார்கள். முன்னதற்குக் குற்றம் இல்லை, பின்னதற்கே கணக்கு.

கேஜைப் போன்றோர் நிலை என்ன? உறங்குபவன், சிறுபிள்ளை, சித்தம் பேதலித்தவன் ஆகியோரை விட்டுப் பேனா உயர்த்தப்பட்டுள்ளது என்று ஹதீஸ் கூறுகிறது. அறிவு குன்றிய அளவுக்குப் பொறுப்பும் குன்றும். அந்த அளவைச் சரிவர அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே.

பக்கவாதத்திற்குப் பின் ஓயாது சினக்கும் பாட்டனாரை வீட்டார் வெறுக்கத் தொடங்கும்போது, "இது அவர் குணமன்று, நோயின் விளைவாக இருக்கலாம்" என்று எடுத்துரைக்க இக்கல்வி பயன்படட்டும். அதே பிள்ளை தன் சினத்துக்கு மூளையைச் சாக்குச் சொல்லுமானால், கற்றதைத் தலைகீழாகக் கற்றதாகவே பொருள்.