அரக்கன் எந்த வீட்டில்?

"இந்த வயதில் பறக்கும் தட்டுக் கதையா பார்க்கிறீர்கள்?" என்று நண்பர் ஒருவர் என்னைக் கேலி செய்தார். வாழ்க்கைக்கு வேண்டிய பாடங்களை அறநூல்களில்தான் தேட வேண்டும் என்பது அவர் கட்சி. நான் வாதம் செய்யவில்லை. அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, பழைய அமெரிக்கத் தொலைக்காட்சிக் கதை ஒன்றைப் போட்டுக் காட்டினேன். அரை மணிக்கும் குறைவான கதைதான். முடிந்த பிறகு சற்று நேரம் இருவருமே பேசவில்லை.

அமெரிக்காவில் 1959 முதல் 1964 வரை 'ட்விலைட் ஸோன்' என்ற தொடர் ஒளிபரப்பாயிற்று. அதை உருவாக்கியவர் ராட் ஸெர்லிங். நாங்கள் பார்த்த கதையை எழுதியவரும் அவரே. அது 1960 மார்ச்சில் வந்தது.

மேப்பிள் தெரு என்று ஓர் அமைதியான தெரு. மாலை நேரம். குழந்தைகள் விளையாடுகிறார்கள். திடீரென்று வானத்தில் ஓர் இரைச்சல், ஓர் ஒளி. அதன் பிறகு மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை, கார்கள் நகர மறுக்கின்றன. பெரியவர்கள் கூடி நின்று யோசிக்கும்போது, கதைப் புத்தகம் படிக்கும் சிறுவன் ஒருவன் சொல்கிறான்: வேற்று உலகத்தார் இறங்குமுன் மனிதரைப் போன்ற ஒரு குடும்பத்தை முன்னதாக அனுப்பி வைப்பார்களாம். முதலில் எல்லோரும் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் குட்மன் என்பவருடைய கார் தானாகவே கிளம்பி உறுமுகிறது.

அவ்வளவுதான். ஐந்து வருஷப் பழக்கம் ஐந்து நிமிஷத்தில் அற்றுப் போகிறது. குட்மன் நள்ளிரவில் வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பாராம். அண்டை வீட்டுப் பெண் சாட்சி சொல்கிறாள். "எனக்குத் தூக்கம் வருவதில்லை" என்று அவர் சொல்வதைக் கேட்க ஆளில்லை. இருட்டிய பின் யாரோ ஒருவன் தெருவில் நடந்து வருகிறான். சார்லி என்பவன் துப்பாக்கியைப் பிடுங்கிச் சுட்டுவிடுகிறான். விழுந்தவன் அதே தெருக்காரன்; அடுத்த தெருவில் விளக்கு எரிகிறதா என்று பார்த்து வரப் போனவன். அடுத்த கணம் சார்லியின் வீட்டில் விளக்கு எரிகிறது. கூட்டம் அவனை நோக்கிக் கல்லெடுக்கிறது. பிறகு கண்ட வீட்டிலெல்லாம் விளக்கு எரிகிறது, அணைகிறது. தெருவே வெறி கொள்கிறது.

வேற்று உலகத்தார் வந்தது உண்மைதான். ஆனால் அவர்கள் தெருவுக்குள் காலெடுத்து வைக்கவே இல்லை. குன்றின் மேல் நின்று சில இயந்திரங்களை நிறுத்தினார்கள், ஓட்டினார்கள். மற்ற வேலையை மனிதர்களே செய்து முடித்தார்கள்.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். குட்மனின் கார் உறுமியபோது, "இவனாகத்தான் இருக்கும்" என்று நானும் நினைத்தேன். கதை எழுதிப் பிழைக்கும் எனக்கே அப்படித் தோன்றிற்று. இத்தனைக்கும் நானும் தூக்கம் வராமல் இரவு இரண்டு மணிக்கு விளக்கேற்றி வைத்து எழுதுகிறவன். அந்தத் தெருவில் குடியிருந்தால், முதல் கல் என் மேல் விழுந்திருக்கும்!

ஸெர்லிங் இதை ஏன் வேற்று உலகக் கதையாகச் சொன்னார்? 1955-இல் மிஸிஸிப்பி மாநிலத்தில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் கொல்லப்பட்டான். குற்றம் சாட்டப்பட்ட வெள்ளையர் இருவரும் விடுதலையானார்கள். அந்தச் செய்தி ஸெர்லிங்கைச் சுட்டது. அதையொட்டி ஒரு தொலைக்காட்சி நாடகம் எழுதினார். ஆனால் தென் மாநிலத்தார் கோபிப்பார்கள் என்ற அச்சத்தால் ஊரும் ஆளும் மாற்றப்பட்டு, 1956-இல் அது உருக்குலைந்து வெளிவந்தது. நேராகச் சொல்ல முடியாததைச் சொல்லத்தான் அவர் வேற்றுக் கிரகத்துக்குப் போனார்.

இது கோழைத்தனம் அல்லவா என்று நண்பர் கேட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊரையும் இனத்தையும் பெயர் சொல்லிக் காட்டினால், "அவர்கள் அப்படித்தான்" என்று நாம் தப்பித்துக்கொள்வோம். பெயரில்லாத அரக்கனைக் காட்டும்போது தப்ப வழியில்லை. அவன் எந்த வீட்டில் இருக்கிறான் என்று தேடிக்கொண்டே நம் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறோம்.

"எச்சரிக்கையாக இருப்பதும் குற்றமா?" என்றார் நண்பர். குற்றமில்லை. ஆனால் எச்சரிக்கை கேள்வி கேட்கும். பதில் வரும்வரை காத்திருக்கும். சந்தேகமோ பதிலை முதலில் முடிவு செய்துவிட்டுப் பிறகுதான் கேள்வி கேட்கும். 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வத்தைக் கும்பிடப் போன ஒரு மூதாட்டி வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற புரளி அப்போது செல்போன்களில் பரவியிருந்தது. கூட்டம் அவரை அடித்தே கொன்றுவிட்டது. அவரை நிறுத்தி, "எந்த ஊர் பாட்டி?" என்று கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

நண்பர் விடைபெற்றுப் போனபோது இரவு பதினொன்று. எங்கள் மாடியில் புதிதாகக் குடி வந்திருக்கும் இளைஞர் அப்போதுதான் படியேறிக்கொண்டிருந்தார். தினமும் இந்த நேரத்துக்குத்தான் வருகிறார். என்ன வேலையோ, யார் கண்டது என்று இரண்டு வாரமாக வீட்டில் பேசிக்கொண்டிருந்தோம்; அந்தப் பேச்சைத் தொடங்கியவன் நான்தான்.

மறுநாள் காலையில் மாடி ஏறிப் போய்க் கதவைத் தட்டினேன். "உங்கள் பெயரைக்கூட நான் இன்னும் கேட்கவில்லை, தம்பி" என்றேன்.