காசு கொடுத்த தண்ணீர்



2024 ஏப்ரலிலும் 2025 ஏப்ரலிலுமாகச் சிங்கப்பூரில் தண்ணீர்க் கட்டணம் கன மீட்டருக்கு மொத்தம் 50 காசு ஏறிற்று. அதன்பின் ஒரு நாள் இரவு, கடை சாத்தும் நேரம். பக்கத்துக் கடைக்காரர், என்னைவிட மூத்தவர், ரப்பர் குழாயைத் திறந்துவிட்டு ஐந்தடிப் பாதையைக் கழுவிக்கொண்டிருந்தார். "அண்ணே, ஒரு வாளித் தண்ணீரில் முடியுமே" என்றேன். "தம்பி, கூடக் காசு கேட்டார்கள், கொடுத்தாகிவிட்டது. இனி இது என் தண்ணீர்" என்றார்.

வியாபாரியின் வாயில் எளிதில் வருகிற நியாயம்தான். என்னிடம் ஒருவர் பத்துக் கிலோ அரிசி வாங்கிக் குப்பையில் கொட்டினால், ஏன் கொட்டினீர் என்று கேட்க எனக்கு என்ன பாத்தியதை இருக்கிறது? விற்றது விற்றதுதான். நானும் பதில் சொல்ல முடியாமல் நின்றேன்.

பிறகு யோசித்துப் பார்த்தேன். அரிசி தீர்ந்தால் மொத்த வியாபாரிக்குப் போன் செய்கிறேன். மறுநாள் மூட்டை வந்து இறங்குகிறது. தண்ணீர் அப்படியல்லவே. 1962-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை நாம் எடுக்கலாம். ஆயிரம் கேலனுக்கு 3 சென். அந்த ஒப்பந்தம் 2061-இல் முடிகிறது. ஆற்றுக்கு நீர் விடும் லிங்கியூ நீர்த்தேக்கம் 2016 அக்டோபரில் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்காக இறங்கிவிட்டது. எத்தனை வெள்ளியை எண்ணி வைத்தாலும் வானம் அன்று ஒரு துளி கூடுதலாக விற்றிருக்காது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும், 2003 முதல் புதுநீரும் இருக்கின்றனவே என்பீர்கள். உண்மைதான். ஆனால் அவை மின்சாரத்தைத் தின்று ஓடுகின்றன. அந்தச் செலவையும் சேர்த்துத்தான் நாம் பில் கட்டிவிட்டுக் குறைபட்டுக்கொள்கிறோம்.

என் அத்தா 1963-இல் ஒரு பலசரக்குக் கடையில் வேலைக்கு நின்ற பையன். அவ்வருஷம் ஏப்ரல் முதல் 1964 பிப்ரவரி வரை சிங்கப்பூரில் தண்ணீருக்குப் பங்கீடு இருந்தது. குழாய் வரும் நேரத்தில் பீப்பாய்களில் பிடித்து வைப்பார்களாம். அரிசி கழுவிய நீரில்தான் தரை துடைப்பார்களாம். "அப்போது ஊரில் எல்லோரும் யோக்கியர்கள்" என்று சொல்லி அத்தா சிரிப்பார். அந்தச் சிரிப்பின் பொருள் எனக்கு வெகு நாள் கழித்தே விளங்கிற்று. வாடிக்கைக்காரர் முள்ளைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது சரியாக நிறுப்பது பெரிய காரியமா? குழாய் மூடியிருந்தபோது காட்டிய சிக்கனமும் அந்த வகைதான். இன்று பள்ளிவாசலில் ஒளு செய்யும் இடத்தில் சற்று நின்று பாருங்கள்; கால் கழுவி முடித்தபின்னும் குழாய் ஓடிக்கொண்டிருக்கும்.

இதைப் பேச எனக்கு மட்டும் என்ன யோக்கியதை? கடை முன்பு வடை போட்ட எண்ணெயின் மிச்சத்தைப் பல வருஷம் பின்புறக் கால்வாயில்தான் ஊற்றினேன். கடலுக்குத்தானே போகிறது என்ற எண்ணம். 2008-இல் மரீனா அணைக்கட்டு திறந்தபின், ரோச்சோர் கால்வாய் வழியாகப் போகும் மழைநீர் கடலில் கலக்கவில்லை. நாம் குடிக்கும் நீர்த்தேக்கத்தில் சேருகிறது. தீவின் நிலப்பரப்பில் சுமார் ஆறில் ஒரு பங்கின் மழை அங்கேதான் விழுகிறது. அதற்குப் பிறகும் ஊற்றினேன். ஒருவரும் பிடிக்கவில்லை, அபராதமும் இல்லை. கடையில் நிற்கும் பையன் ஒரு நாள், "முதலாளி, இது எங்கே போகிறது?" என்று கேட்டபோதுதான் கை நின்றது.

அந்த நீர்த்தேக்கத்துக்குக் காசு கொடுத்தவன் நான் மட்டுமா? அதில் சேரும் சிங்கப்பூர் ஆற்றில் ஆதி நாளில் தோணி தள்ளியவர்களில் நம் சூலியா மக்கள் ஏராளம். 1977 முதல் 1987 வரை ஆற்றையும் காலாங் படுகையையும் துப்புரவு செய்தார்கள். தோணிக்காரர்கள் 1983-இல் பாசிர் பாஞ்சாங்குக்குப் போனார்கள். தெருவோரக் கடைக்காரர்கள் பழகிய இடத்தை விட்டார்கள். பன்றி, வாத்து வளர்த்தவர்கள் பண்ணையையே விட்டார்கள். பிழைப்பை விட்டவர்கள் அவர்கள். எண்ணெயை ஒரு தகர டின்னில் ஊற்றி வைக்க எனக்குச் சோம்பல்!

டின் இப்போது அடுப்படியில் இருக்கிறது. அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், தேநீரும் வாங்கிக் கொடுத்தார். நேற்று இரவு மறுபடி குழாயைத் திறந்தார். நான் என் வாளியைக் கொண்டுபோய் அருகில் வைத்தேன். சிரித்துக்கொண்டே அதை நிரப்பினார். குழாயை மட்டும் மூடவில்லை.