உப்புப் பாத்தியில் ஒரு சித்தாந்தக் கேள்வி

தூத்துக்குடி உப்பளத்தில் கடல்நீர் பாத்திக்குப் பாத்தி கெட்டிப்படுகிறது. உப்புக்கு முன்னால் ஜிப்சம் படியும். நீரின் அடர்த்தியைக் காட்டும் பாமி அளவு 25-ஐ நெருங்கும்போது உப்பு விளையும். மிஞ்சும் கசப்பு நீரை வடித்துவிடுகிறார்கள்.

உப்பு இனிக் கரையாது என்ற நிலையில், அயனிகளையும் தனித்தனியே எண்ணினால், துகள்களில் ஏறத்தாழ 82 சதவீதம் நீர். ஆனால் அது ஆவியாக எழும் முனைப்பு சுத்த நீருடையதில் 75 சதவீதம்தான். அயனிகள் நீரைப் பிடித்து வைக்கின்றன. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் குவித்த உப்பு கசிவதும் இதனால்தான். தலைக்கணக்கு வேறு, நடத்தை வேறு. இந்த நடத்தைக்கு 1907-இல் வேதியியலாளர் கில்பர்ட் லூயிஸ் வைத்த பெயர் ஆக்டிவிட்டி.

அப்படியானால் இயல்பு பொருளுக்குள் இருக்கிறதா, சேர்க்கையிலா?

13-ஆம் நூற்றாண்டு மெய்கண்டாரின் சைவ சித்தாந்த மரபு உயிரைப் பற்றி இதையே யோசித்தது. உயிர் சார்ந்ததன் வண்ணமாகும்: உயிரைக் கட்டும் அழுக்கான மலத்தோடு மலச்சாயல், சிவத்தோடு சிவச்சாயல். இரண்டிலும் உயிர் உயிரே. பாத்தி நீரும் நீரே.

ஒப்புமை இதற்குமேல் இழுபடாது. லூயிஸின் அளவைக்கு, ஒப்பிடச் சுத்த நீர் வேண்டும். அதன் மதிப்பு 1. சித்தாந்தத்திலோ எதையும் சாராத உயிர் என்று ஒன்று கிடையாது. பிறகு எதை 1 என்று வைத்து உயிரை அளப்பது?