பூசலார் வெட்டிய கிணறு

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, ஆவடிப் பக்கம் வீடு, கையில் பிஎம்பி என்னும் திட்ட மேலாண்மைச் சான்றிதழ் தேர்வுக்கான புத்தகம். பிள்ளைகள் தூங்கிய பிறகு ஒரு மாக் டெஸ்ட், விடியற்காலையில் இன்னொன்று. இப்படிப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்லும் துணைப்பாடம் ஒன்று உண்டு. அதே ரயில் பாதையில், பட்டாபிராமில் 2024இல் திறந்த 21 மாடி டைடல் பார்க்கையும் தாண்டினால் வரும் திருநின்றவூரில் வாழ்ந்த பூசலார் நாயனாரின் கதை அது.

எல்லோருக்கும் தெரிந்த கதைதான். சிவனுக்குக் கோயில் எழுப்ப ஆசை; தேடி அலைந்தும் பொருள் கிடைக்கவில்லை; மனத்திலேயே கட்டினார். காஞ்சியில் கற்றளி கட்டிய பல்லவ மன்னன் குடமுழுக்குக்குக் குறித்த அதே நாளை இவரும் குறித்திருந்தார். இறைவன் மன்னனின் கனவில் தோன்றி, அவனது விழாவைத் தள்ளிவைக்கச் சொன்னார். பெரும்பாலும் நாம் இந்தக் கனவில் மெய்சிலிர்த்து நின்றுவிடுகிறோம்.

அதற்கு முந்தைய இடத்தில் கொஞ்சம் தங்க வேண்டும். பூந்தமல்லிக்குப் பக்கத்துக் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார், அந்தக் கட்டுமானத்தைப் படிப்படியாகச் சொல்கிறார். பூசலார் மனத்தில் முதலில் பொருள் திரட்டுகிறார், தச்சர்களைச் சேர்க்கிறார், நல்ல நாள் பார்த்து, ஆகம முறைப்படி அடித்தளம் போடுகிறார். இரவிலும் கண் மூடாமல் உபானம் என்னும் அடிவரிசை தொடங்கி வரிசை வரிசையாக எழுப்புகிறார். அளவெடுத்த சிகரம், தூபி, சுதை வேலை எல்லாம் முடிகிறது. அப்புறமும் அவர் நிறுத்தவில்லை. கிணறு வெட்டுகிறார், மதில் எடுக்கிறார், குளம் தோண்டுகிறார்.

மனக்கோயிலுக்கு எதற்குக் கிணறு? யார் வந்து தண்ணீர் இறைக்கப் போகிறார்கள்? ஒருவரும் சரிபார்க்க வராத இடத்திலும் அவர் ஒரு வேலையைக்கூட விட்டுவைக்கவில்லை. எனக்கு அந்தக் கனவைவிட இந்தக் கிணறுதான் பெரிதாகப் படுகிறது.

தேர்வுக்குப் படிப்பதும் மனத்துக்குள் நடக்கும் கட்டட வேலைதான். பாதி வேலை முடிந்த நிலையில் வாடிக்கையாளர் புதிதாக ஒன்றைச் சேர்க்கச் சொல்கிறார்; நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்? பிஎம்பி கேள்விகள் பெரும்பாலும் இந்த வார்ப்பில்தான் வரும். ஷாப் ஃப்ளோரில் பழகிய கை, ‘உடனே செய்து கொடு’ அல்லது ‘மேலே சொல்லிவிடு’ என்ற விடைக்குத் தாவும். தேர்வு எதிர்பார்ப்பது பொதுவாக வேறு: முதலில் அந்த மாற்றம் எதை எதைப் பாதிக்கும் என்று குழுவோடு உட்கார்ந்து பார். அந்தத் தாவலை அடக்குவதே பயிற்சி. அதை விட்டு, ஒரே மாக் டெஸ்ட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு விடைகளை மனப்பாடம் செய்தால் மதிப்பெண் ஏறும், கிணறு வெட்டியதாகாது.

தேர்வில் 180 கேள்விகள். 60 கேள்வி முடித்து இடைவேளைக்கு எழுந்துவிட்டால், அந்த 60க்கும் திரும்ப முடியாது. பத்து நிமிட ஓய்வில் பலர் ஓய்வெடுப்பதே இல்லை. மூடிய கேள்விகளையே மென்றுகொண்டிருப்பார்கள். செய்ததை அங்கேயே ஒப்படைத்துவிட்டு அடுத்ததற்கு வெறுங்கையோடு வருவது தியானத்தில் உட்காருகிறவர்களுக்கே கடினம்.

ஆனால் உண்மையான சோதனை அதற்கும் முன்பே, விண்ணப்பத்திலேயே தொடங்கிவிடுகிறது. பட்டதாரி என்றால் திட்டங்களை வழிநடத்திய 36 மாத அனுபவம் காட்ட வேண்டும். எழுதுவது நாமே. சில விண்ணப்பங்களைத்தான் தணிக்கைக்கு எடுப்பார்கள். பக்கத்து மேஜைக்காரர் நடத்திய வேலையை ‘நான் நடத்தினேன்’ என்று எழுத ஆசை வரும். இத்தனைக்கும் சான்றிதழ் மூன்றே ஆண்டுக்குத்தான்.

கனவு கண்ட மன்னன் நின்றவூருக்கு வந்து பூசலார் கட்டிய கோயில் எங்கே என்று கேட்டபோது, அப்படி ஒரு கோயிலே இல்லை என்றார்கள் ஊரார். கட்டியவரையே கேட்கவேண்டியிருந்தது. அவரும், மனத்தில்தான் கட்டினேன் என்று உள்ளதைச் சொன்னார்.

விண்ணப்பம் நிரப்ப உட்காரும் முன் ஒருமுறை, பூசலாரை நினைவுகூரும் திருநின்றவூர் இருதயாலீஸ்வரர் கோயிலுக்குப் போய் வாருங்கள். ஆவடியிலிருந்து திருவள்ளூர் லோக்கல் பிடித்தால் போதும்.