முடியும்போதே நிறுத்துவது

திங்கட்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு, ஒரு கூடைத் துணியையும் மடித்து வைத்தாயிற்று. செவ்வாய்க்கிழமை ஒன்றும் தெரியவில்லை. புதன்கிழமை படுக்கையைவிட்டு எழ முடியவில்லை.

கோவிட் தொற்றுக்குப் பிறகும் விடாமல் நீடிக்கும் லாங் கோவிட் வந்த பலருக்கு வாரம் இப்படித்தான் நகர்கிறது. உழைத்த உழைப்புக்கு உடம்பு அன்றைக்கே கணக்குக் கேட்பதில்லை. அரை நாள் கழித்தோ, இரண்டு மூன்று நாள் கழித்தோ வட்டியோடு வந்து கேட்கிறது. எந்தக் கடன் இது என்று யோசித்துப் பிடிப்பதற்குள் அடுத்த கடனை வாங்கியிருப்பார்கள்.

இந்த நோய்க்குப் பெயர் வைத்ததே ஒரு நோயாளிதான். 2020 மே மாதம், இத்தாலியத் தொல்லியல் ஆய்வாளர் எலிசா பெரேகோ ட்விட்டரில் அந்தச் சொல்லைப் போட்டார். நோயாளிகளே முன்னின்று நடத்திய ஓர் ஆய்வு 56 நாடுகளில் 3,762 பேரை விசாரித்து, 203 அறிகுறிகளைப் பட்டியலிட்டு, 2021 ஜூலையில் வெளியானது. உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை அதற்கும் பிறகு, அக்டோபரில்தான் வந்தது.

அந்த 203-இல் பிறருக்குப் புரியவைக்கச் சிரமமானது களைப்பு. களைப்பு என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும் அல்லவா? "எனக்கும்தான் அசதியா இருக்கு." "நாலு எட்டு நடந்தா சரியாப் போயிடும்." சொல்பவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள்.

லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் பேராசிரியர் பால் கார்னர், தொற்றுநோய்களையே துறையாகக் கொண்டவர். அவரையும் இந்த நோய் விடவில்லை. இதை அடக்கி ஆளப் பார்க்காதீர்கள், அனுசரித்துப் போங்கள் என்று 2020 செப்டம்பரில் எழுதினார். அடுத்த ஜனவரியில், தான் குணமாகிவிட்டதாகவும், நோயைப் பற்றிய தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டது அதற்கு உதவியதாகவும் எழுதினார். அவர் குணமானதில் யாருக்கு வருத்தம்? ஆனால் எழ முடியாமல் கிடந்த பலருக்கு அந்தக் காரணம் சுருக்கென்று தைத்தது. மனசு வைத்தால் போதும் என்று ஊரே சொல்லும் பேச்சு, ஒரு பேராசிரியர் வாயிலிருந்தும் வந்துவிட்டதே.

ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் மனசைக் கேட்கவில்லை, தசையைக் கேட்டார்கள். லாங் கோவிட் உள்ள 25 பேரையும் நலமாக உள்ள 21 பேரையும் கால் மணி நேரம் சைக்கிள் மிதிக்கச் சொல்லி, அதற்கு முன்னும் பின்னும் தசைத் துணுக்குகளை எடுத்துப் பார்த்தார்கள். நோயாளிகளின் தசையில் ஆற்றல் உற்பத்தி குறைந்திருந்தது. உழைப்புக்குப் பின் திசுச் சேதமும் தெரிந்தது. 2024 ஜனவரியில் இது வெளியானது.

உடம்பின் தெம்பை இருப்பைப் பார்த்துச் செலவு செய்யும் வித்தை கோவிடுக்கு முன்பே இருந்தது. லூபஸ் நோயுள்ள அமெரிக்கப் பெண் கிறிஸ்டின் மிசரான்டினோவிடம், இதோடு வாழ்வது எப்படி இருக்கும் என்று தோழி கேட்டாள். உணவகத்து மேசைகளிலிருந்து 12 கரண்டிகளைத் திரட்டி, ஒரு நாளின் தெம்பு இவ்வளவுதான் என்று அவள் கையில் கொடுத்தார் கிறிஸ்டின். குளித்தால் ஒன்று போயிற்று, உடுத்தினால் இன்னொன்று. 2003-இல் அவர் எழுதிய அந்தக் கட்டுரையிலிருந்து, நாள்பட்ட நோயாளிகள் பலர் தங்களைக் 'கரண்டிக்காரர்கள்' என்றே சொல்லிக்கொள்கிறார்கள்.

லாங் கோவிட்காரர்களின் வீடுகளிலும் அந்தச் சிக்கனம் உண்டு. குளியலறையில் ஒரு ஸ்டூல். காய் நறுக்குவது உட்கார்ந்தபடி. இதயத் துடிப்பு எகிறினால் எச்சரிக்கும் கைக்கடிகாரம். இவையெல்லாம் எளிது. இன்னும் தெம்பிருக்கும்போதே, பாதி வேலையில் கையை எடுப்பதுதான் பாடு. எடுத்ததை முடி என்று வளர்ந்தவர்களுக்கு அது சோம்பலாகவே தோன்றும்.

அதைக் கற்றுக்கொண்டாலும் காட்ட ஒன்றுமில்லை. வராமல் போன காய்ச்சலையும் விழாமல் தப்பிய படுக்கையையும் யார் பார்த்தார்கள்? திங்கட்கிழமை பாதித் துணியோடு நிறுத்தியவர் புதன்கிழமை எழுந்து, தலை சீவி, காபி போட்டுக்கொள்கிறார். பார்க்க வந்த சிநேகிதி மடிக்காத துணிக் கூடையைப் பார்க்கிறாள், அவர் முகத்தையும் பார்க்கிறாள்.

"இப்ப நல்லாத்தானே இருக்கே?"