மூச்சுக்கு இரண்டு வாசல்

நடக்கவோ ஓடவோ புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே கிடைக்கும் அறிவுரை, "வாயை மூடிக்கிட்டு மூக்காலயே மூச்சு விடுங்க" என்பதுதான். யோகா வகுப்பில் சொல்கிறார்கள், ஜிம்மில் சொல்கிறார்கள், மாநகராட்சிப் பூங்காவில் முன்பின் தெரியாத பெரியவரும் கூடவே நடந்து வந்து சொல்கிறார். அறிவுரை நல்லதுதான். ஆனால் எல்லா மூக்குக்கும் எல்லா வேகத்துக்கும் அது பொருந்தாது என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. அப்படிச் சொல்லாததால் ஒரு கூட்டம் சத்தமில்லாமல் மைதானத்தை விட்டுப் போய்விடுகிறது. எனக்கு அக்கறை அந்தக் கூட்டத்தின் மேல்தான்.

கோவையில் எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, நடந்தே தீர வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களோடு மருதமலைக்குப் படியேற வந்தார். கொஞ்ச தூரம் ஏறியதும் ஓரத்துத் திண்டில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் இரண்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. தலை சுற்றுகிறதா என்று கேட்டேன். "அதெல்லாம் இல்லீங் தம்பி. மூக்குல மூச்சே வரமாட்டீங்குது. வாயைத் தொறந்தா உடம்புக்கு ஆகாதுன்னு சொன்னாங்களே, அதான் பாக்கறேன்" என்றார். அந்தத் திணறலில் பாதியைத்தான் படிகள் தந்தன. மீதி, வாயைத் திறக்கக் கூடாது என்ற பயம். அடுத்த வாரத்திலிருந்து அவர் வரவில்லை. கேட்டபோது, "எனக்கெல்லாம் அது ஒத்து வராதுங்க" என்று முடித்துக்கொண்டார்.

உடம்பின் காற்றுக் கணக்கைப் பார்த்தால் இந்தப் பயத்துக்கு இடமே இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்று போதும். வேகமாக நடந்தால் அது பல மடங்கு ஏறும். தலைதெறிக்க ஓடினால் 100 லிட்டரைத் தாண்டிவிடும். மூக்கின் உள்ளேயோ நாசித் துவாரத்தைத் தாண்டிய சிறிது தூரத்திலேயே பாதை மிகக் குறுகிவிடுகிறது. மூச்சுப்பாதை முழுவதும் காற்று சந்திக்கிற தடையில் ஏறத்தாழப் பாதி மூக்கில்தான் இருக்கிறது. ஆரோக்கியமான பெரியவர்களை அளந்து பார்த்ததில், தேவை நிமிடத்துக்கு 35, 40 லிட்டரை எட்டும்போது பெரும்பாலோருக்கு வாய் தானாகத் திறந்துகொள்கிறது. அப்போதும் மூக்கு வேலையை நிறுத்துவதில்லை, இரண்டு வழியிலும் காற்று போகிறது. ஆளுக்கு ஆள் இந்த அளவு மாறும். சிலருக்கு மிதமான ஓட்டத்திலேயே திறக்கும், சிலர் கடைசிவரை மூடியே ஓடுவார்கள். இதில் யாருடைய மன உறுதிக்கும் சோதனை இல்லை.

மூக்கும் தன்னால் ஆனதையெல்லாம் செய்துதான் பார்க்கிறது. ஓடி முடித்து நிற்கிற குழந்தையின் முகத்தைப் பக்கத்திலிருந்து பாருங்கள். ஒவ்வொரு முறை காற்றை இழுக்கும்போதும் மூக்கின் இரண்டு மடலும் புடைத்து விரியும். அங்கே இருக்கும் சின்னத் தசைகள், குறுகலான இடம் உள்வாங்கி ஒட்டிக்கொள்ளாதபடி இழுத்துப் பிடிக்கின்றன. உள்ளே இன்னொரு வேலையும் நடக்கிறது. பயிற்சி தொடங்கியதும் மூக்குச் சதையில் தேங்கிய ரத்தம் வடிந்து, சதை சுருங்கி, பாதை அகலமாகிறது. லேசான மூக்கடைப்போடு நடக்கக் கிளம்பியவருக்குச் சிறிது நேரத்தில் மூக்கு திறந்துகொள்வது இதனால்தான். அந்தத் தொடக்க நேரத்தில் அவசரப்படாமல் மெதுவாக நடந்தாலே பலருக்குப் பாதிச் சிரமம் தீர்ந்துவிடும்.

"நேத்து நல்லாத்தான் ஓடினேன், இன்னிக்கு மூச்சே வரலை" என்று சிலர் சொல்வதற்கும் காரணம் உண்டு. மூக்கின் இரண்டு துவாரங்களும் ஒரே அளவில் வேலை செய்வதில்லை. ஒரு பக்கம் வீங்கி ஓய்ந்திருக்கும்போது மறுபக்கம் திறந்திருக்கும். சில மணி நேரத்துக்கொரு முறை இது மாறி வரும். ரிச்சர்டு கைசர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1895-இல் இதைப் பதிவு செய்தார். நம் பக்கத்தில் சித்தர் மரபு இதற்கு முன்பே இடகலை, பிங்கலை என்று பெயர் வைத்துக் கவனித்திருக்கிறது. என் தாத்தா வெளியே கிளம்பும் முன் மூக்குக்குக் கீழே புறங்கையை வைத்து, காற்று எந்தப் பக்கம் படுகிறது என்று சரம் பார்ப்பார். வலது ஓடினால் ஒரு காரியம், இடது ஓடினால் வேறொரு காரியம் என்று அவருக்குக் கணக்கு இருந்தது. காரியப் பலனில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அந்தக் கவனிப்பின் மேல் மரியாதை உண்டு. ஒரு நாளுக்கு 21,600 மூச்சு என்பது அந்த மரபின் கணக்கு. வகுத்துப் பார்த்தால் நிமிடத்துக்கு 15 வருகிறது. இன்றைக்கு ஒரு நர்ஸ் நம் மூச்சை எண்ணினாலும் ஓய்வில் அதையொட்டித்தான் எழுதுவார்.

இப்போது மூக்குத் தண்டு ஒரு பக்கம் வளைந்தவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு வளைந்த பக்கம் எப்போதுமே குறுகல். நல்ல பக்கம் திறந்திருக்கிற நேரத்தில் ஓடினால் சமாளித்துவிடுவார். நல்ல பக்கம் ஓய்வெடுக்கிற முறை வந்தால் இரண்டும் அடைத்த மாதிரிதான். அதே ஆள், அதே பாதை, அதே உழைப்பு, ஒரு நாள் முடிகிறது, ஒரு நாள் முடியவில்லை. அவர் தன் சோம்பலைத்தான் காரணமாக நினைத்துக்கொள்வார்.

நான் படித்த பள்ளியில் ஓட்டப் பயிற்சிக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஆளுக்கு ஒரு மடக்குத் தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். திரும்பி வந்ததும் ஆசிரியர் முன்னால் அந்தத் தண்ணீரைத் துப்பிக் காட்ட வேண்டும். மூக்கால் மூச்சு விடப் பழக்குகிறாராம். என் வகுப்பில் ஒருவனுக்கு வருஷம் முழுக்கச் சளி, எந்நேரமும் வாய் திறந்தே இருக்கும். பாதிச் சுற்றில் கன்னம் உப்பி, கண்ணில் நீர் கோத்து, தண்ணீரை முழுங்கிவிடுவான், அல்லது மண்ணில் துப்பிவிடுவான். துப்பிக் காட்ட அவனிடம் ஒன்றும் இருக்காது. மறுபடி ஒரு சுற்று. பையன்கள் அவனுக்கு வைத்த பட்டப்பெயரை இங்கே எழுத மனம் வரவில்லை. அவன் மூக்கை ஒரு டாக்டரிடம் காட்டலாம் என்று அந்தப் பள்ளியில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் அப்போது தெரியாது, நாங்கள் எல்லோருமே பிள்ளைகள். இன்று நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது.

அதே ஊரில், அதே பையன்கள் மாலையில் சடுகுடு ஆடினோம். பாடிக்கொண்டு போகிறவன் பாட்டு அறாமல் எதிர்ப்பக்கம் போய்த் தொட்டுவிட்டு வர வேண்டும், நடுவில் காற்றை உள்ளே இழுத்தால் ஆட்டம் போயிற்று. கோட்டைத் தாண்டித் தன் பக்கம் விழுந்தவன் வாயை அகலத் திறந்து ஆவென்று காற்றை அள்ளுவான். அதை யாரும் குறையாகப் பார்க்கவில்லை, முதுகில் தட்டிக்கொடுத்தோம். நீச்சல்காரரும் தலையைத் திருப்புகிற அந்தக் கண நேரத்தில் வாயால்தான் இழுக்கிறார், மூக்கை நம்பினால் தண்ணீர்தான் ஏறும். வாய் மூச்சு கேவலம் என்ற எண்ணம் எங்கிருந்தோ நடுவில் வந்து ஒட்டிக்கொண்டது.

இதனால் மூக்கு மூச்சு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூக்கு செய்கிற வேலையை வாயால் செய்ய முடியாது. வருகிற காற்றின் தூசியைப் பிடித்து வைக்கிறது, சூடேற்றுகிறது, ஈரமாக்குகிறது. மூக்கையொட்டிய சைனஸ் அறைகளில் நைட்ரிக் ஆக்சைடு உருவாகி மூச்சில் கலப்பதை 1995-இல் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். நுரையீரலின் ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் வாயு அது. இளைப்பு உள்ளவர்களுக்கு மூக்கின் உதவி இன்னும் முக்கியம். ஓடினால் வீசிங் வரும் ஆஸ்துமா பிள்ளைகளை மூக்கால் மட்டும் மூச்சு விடச் சொல்லி ஓடவிட்ட ஓர் ஆய்வு 1978-இல் வெளியானது. வாயால் மூச்சு விட்டபோது வந்த மூச்சுக்குழாய்ச் சுருக்கம் மூக்கால் விட்டபோது வெகுவாகக் குறைந்தது. பழக்கினால் மூக்கு பழகும் என்பதற்கும் சான்று உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் மூக்கு மூச்சிலேயே ஓடிப் பழகிய 10 ஓட்டக்காரர்களைச் சோதித்து 2018-இல் ஒரு கட்டுரை வந்தது. வாய் திறந்து ஓடும்போது எட்டிய உச்ச ஆக்சிஜன் அளவை அவர்கள் மூக்காலேயே எட்டினார்கள், அதுவும் குறைவான காற்றைக் கொண்டு. 10 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. அவர்கள் மூக்கில் பெரிய அடைப்பு இல்லாதவர்கள், விரும்பிப் பழகியவர்கள், மாதக்கணக்கில் பொறுமையாகக் கூட்டியவர்கள். முதல் நாள் படியேறுகிற ஒருவரிடம் அவர்களைக் காட்டி வாயை மூடச் சொல்வது நியாயமாகாது.

உடம்பை எதுவரை பழக்கலாம், எந்த இடத்தில் நின்று அதற்கு என்ன குறை என்று கேட்க வேண்டும்? எனக்கு இந்த விஷயத்தில் முக்கியமாகத் தோன்றுவது இந்தக் கேள்விதான். நம்மில் பலர் முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு வாழ்கிறோம். முடியவில்லை என்று ஒருவர் சொன்னதும் பயிற்சி போதாது, கவனம் போதாது, மனசு வைத்தால் முடியும் என்கிறோம். மூக்குத் தண்டு மனசு வைத்தால் நேராகாது. தூசி அலர்ஜியில் வீங்கிய சதை, வைராக்கியத்தைப் பார்த்துச் சுருங்காது. கன்னத்தை மூக்கோரத்தில் விரலால் மெல்ல வெளிப்பக்கம் இழுத்துப் பாருங்கள். அப்போது காற்று தாராளமாகப் போனால் குறுகல் அந்த வாயிலில் இருக்கலாம், அதற்கு இஎன்டி டாக்டரிடம் வழி இருக்கிறது. கடையில் கிடைக்கும் மூக்கடைப்புச் சொட்டு மருந்தை நாள்கணக்கில் போட்டுக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சில நாளைக்கு மேல் போனால் அந்த மருந்தே அடைப்பைக் கூட்டும், விட முடியாத பழக்கமாகிவிடும். நடந்தால் நெஞ்சு இறுகுகிறது, ஓடி நின்ற பிறகு வீசிங் வருகிறது என்றால் மூக்கை விட்டுவிட்டு நேராக டாக்டரிடம் போக வேண்டும்.

அக்காவை அவர் மகள் ஒருவழியாக இஎன்டி டாக்டரிடம் கூட்டிப் போனாள். அலர்ஜியால் மூக்கில் சதை வீங்கியிருப்பதாகச் சொல்லி ஸ்பிரே கொடுத்தார், உடனே தெரியாது, வாரக்கணக்கில் விடாமல் அடிக்க வேண்டும் என்றாராம். இப்போது ரேஸ்கோர்ஸில் நடக்கிறார். சமதரையில் மூக்கு போதுமான வேகத்தில், மகளோடு பேசிக்கொண்டே போகிறார். பேச்சு தடைப்பட்டால் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார். படியேறும் நாளில் வாயைத் திறந்தே மூச்சு வாங்குகிறார், முந்தானை தோளிலேயே இருக்கிறது. எனக்கும் அன்றாட நடையின் வேகத்தை மூக்கிடம் விட்டுவிடுவது பிடித்திருக்கிறது. நானாக வைக்கும் வேகத்தைவிட அது மெதுவானது. அந்த வேகத்தில் நெடுநேரம் நடக்க முடிகிறது, வீடு திரும்பிய பிறகும் நாள் முழுக்கத் தெம்பு இருக்கிறது. ஏற்றம் வந்தால் வாயும் சேர்ந்துகொள்ளட்டும்.

பெரியவர்கள் எப்படியாவது ஒரு டாக்டரைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பிள்ளைகளுக்கு அது நாம் பார்த்துச் செய்ய வேண்டியது. வாய் திறந்தே இருக்கும் பிள்ளையை மந்தம் என்கிறோம். மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதை வீங்கியிருந்தால் அந்தப் பிள்ளை வாயை மூட முடியாது, இரவில் குறட்டை விடும், சரியாகத் தூங்காது, காலையில் வகுப்பில் சோர்ந்து விழும். பள்ளிகளில் கண் பரிசோதனை முகாம் நடக்கிறது, கரும்பலகை தெரியாத பிள்ளைக்குக் கண்ணாடி கிடைக்கிறது. மூக்குக்கும் ஒரு எளிய வழி உண்டு. பிள்ளையை நிழலில் உட்கார வைத்து, சளி இல்லாத ஒரு நாளில், ஒரு மடக்குத் தண்ணீரை வாயில் வைத்துக்கொள்ளச் சொன்னால் போதும், ஓட வேண்டாம். மூக்கு நன்றாக இருந்தால் இரண்டு மூன்று நிமிடம் தாராளமாக வைத்திருப்பான். முடியாமல் துப்பினால், உடற்கல்வி ஆசிரியர் அன்றைக்கே பெற்றோரைக் கூப்பிட்டு, இஎன்டி டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள், அதுவரை அவன் வாய் திறந்தே ஓடட்டும் என்று சொல்லிவிடலாம்.